லூவியன் எழுதப்போய்ச் சீனம் வந்த கதை

"மாமா, என்ன இது, சைனீஸ் மாதிரி இருக்கு?"

அக்கா மகன் கேட்டபோது இரவு பதினொன்றரை. திரையில் வரிசையாகப் பத்து எழுத்துகள், பத்தும் அசல் சீன எழுத்துகள். நாங்கள் எதிர்பார்த்ததோ வேறு. தன்னைத் தானே சுட்டிக் காட்டும் ஒரு மனிதன், நான்கு செங்குத்துக் கோடுகள், ஒரு முகம், ஒரு கால், ஒரு கை. சுமார் 2700 ஆண்டுகளுக்கு முன் அனத்தோலியாவில், அதாவது இன்றைய துருக்கியில், கருங்கல்லில் வெட்டிய லூவியன் சித்திர எழுத்து. அந்தக் கல்வெட்டின் முதல் சில சொற்களை மட்டும் கணினியில் அடித்துப் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தோம். ஒரு சனிக்கிழமை போதும் என்று நினைத்திருந்தேன். ஐந்து வாரம் ஆனது.

வேலை விஷயமாகத் துருக்கியின் அதானா நகரில் ஆறு வாரம் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி பிடித்து கராதெபெ போனேன். ஒஸ்மானியே மாகாணத்தில் ஜெய்ஹான் ஆற்றங்கரைக் குன்றில் இருக்கிறது. 1946இல் தொல்லியலாளர்கள் ஹெல்முட் பொஸ்ஸர்ட்டும் ஹாலெத் சாம்பெலும் கண்டுபிடித்த கோட்டை. இரண்டு வாசல், இரண்டிலும் ஒரே செய்தி, பினீசிய எழுத்தில் ஒரு முறை, லூவியன் சித்திர எழுத்தில் ஒரு முறை. பினீசியம் ஏற்கனவே படிக்கத் தெரிந்த மொழி என்பதால், சித்திர எழுத்தின் வாசிப்பு சரியா என்று உரசிப் பார்க்கக் கிடைத்த உரைகல் இந்தக் கோட்டை. கற்களை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே நிறுத்தி மேலே கூரை போட்டிருக்கிறார்கள். சாம்பெல் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்த இடத்துக்கே கொடுத்தவர். சிங்கத்தின் உடம்பின் மேல்கூட எழுத்து ஓடுகிறது. போனில் இருநூறு படத்துக்கு மேல் எடுத்திருந்தேன்.

ஊருக்கு வந்து படங்களுக்குப் பெயர் வைக்கும்போதுதான் ஆசை வந்தது. 'வடக்கு வாசல், இடது, 3' என்று எழுதுவதைவிட, கல்லில் என்ன குறி இருக்கிறதோ அந்தக் குறியையே எழுதி வைத்தால் என்ன? பிறகு 'கால் குறி வரும் படங்கள்' என்று தேடினால் அவை வந்து நிற்க வேண்டும். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் அக்கா மகன் பக்கம் கட்டுவது தன் வேலை என்றான். தரவு என் வேலை.

இந்த எழுத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. எகிப்தியச் சித்திர எழுத்துக்கும் இதற்கும் உறவு இல்லை. பழைய புத்தகங்களில் 'ஹிட்டைட் சித்திர எழுத்து' என்றே இருக்கும். ஆனால் ஹிட்டைட்டுகள் களிமண் பலகையில் தங்கள் மொழியை எழுதியது ஆப்பெழுத்தில். பாறையிலும் முத்திரையிலும் காணும் இந்தச் சித்திரங்களின் மொழி லூவியன். ஹிட்டைட் பேரரசு சரிந்த பிறகும் கார்க்கெமிஷ், ஹமா போன்ற சிற்றரசுகளில் இது பல நூற்றாண்டு புழங்கியது. சில குறி முழுச் சொல்லைக் குறிக்கும், சில ஓர் அசையை. ஒரே குறி இரண்டு வேலையும் பார்ப்பதுண்டு. கால் வடிவத்தைச் சொல்லாகப் படித்தால் கால். ஒலியாகப் படித்தால் 'தி'.

உலக எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் ஆளுக்கொரு எண் கொடுக்கும் பொதுப் பட்டியல் யூனிகோட். அதில் இந்த எழுத்து ஏறியது 2015இல், 8.0 பதிப்பில். 583 குறிகள். பதினறும எண்ணில் 14400இல் தொடங்கி 14646இல் முடிகிறது. குறிகளுக்குப் பெயர் என்ன தெரியுமா? 'அனத்தோலியன் ஹைரோகிளிஃப் ஏ001', 'ஏ002'. அவ்வளவுதான். 'மனிதன்' என்றோ 'கால்' என்றோ கிடையாது. பிரெஞ்சு அறிஞர் எம்மானுவேல் லரோஷ் 1960இல் வெளியிட்ட பட்டியலின் வரிசை எண்களை அப்படியே பெயராக வைத்துவிட்டார்கள். முதலில் பார்த்தபோது, இது என்ன சோம்பேறித்தனம், ரேஷன் கார்டுக்கு நம்பர் போடுவது போல என்று தோன்றியது. அந்த நினைப்பை மூன்றாவது வாரம் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

கராதெபெ கல்வெட்டு 'நான் அஸாதிவாதாஸ்' என்று தொடங்குகிறது. கோட்டையைக் கட்டியவர் பெயர் அது. லரோஷ் எண்களில் எழுதினால் இப்படி வரும்: 1, 391, 378, 19, 377, 90, 209, 439, 41, 433. முதல் எண், தன்னைச் சுட்டும் மனிதன், 'நான்'. 391 நான்கு கோடு, 'மி'. 378 ஒலியில்லாத துணைக்குறி. அதற்குப் பிறகு 'அ2, ஸா, தி, இ, வா, தா3, ஸ2' என்று பெயர். இந்தப் பத்து எண்ணையும் மருமகனிடம் கொடுத்தேன். அவன் போட்ட கணக்கு எளியது: லரோஷ் எண்ணில் ஒன்றைக் கழி, 14400உடன் கூட்டு, ஜாவாஸ்கிரிப்டில் 'ஃப்ரம்கேர்கோட்' என்ற செயற்கூறிடம் கொடு, எழுத்து வந்துவிடும்.

வந்தது சீனம்.

அரைமணி நேரம் எழுத்துருவைத் திட்டினோம். பாவம், அதன் மேல் தப்பே இல்லை. அந்தச் செயற்கூறு பழைய காலத்தது. எந்த எண்ணைக் கொடுத்தாலும் கடைசி பதினாறு பிட்டை மட்டும் வைத்துக்கொண்டு மேலே இருப்பதை வெட்டிவிடும். 14400 என்று கொடுத்தால் முன்னால் இருக்கும் 1 போய் 4400 மிஞ்சுகிறது. 4400 இருக்கும் இடம் சீன எழுத்துகளின் நீட்டிப்புப் பகுதி 'ஏ'. கடைசிக் குறியான 14646ஐக் கொடுத்தாலும் 4646, அதுவும் அதே பகுதிக்குள்தான். 583 குறியில் எதைக் கேட்டாலும் தவறாமல் ஒரு சீன எழுத்து கிடைக்கும். கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ வந்திருந்தால் பிழை என்று உடனே தெரிந்திருக்கும். இதுவோ அழகாக, திருத்தமாக, முழுக்க வேறு எழுத்து. செயற்கூறை 'ஃப்ரம்கோட்பாயின்ட்' என்று மாற்றியதும் சீனம் மறைந்தது.

மனிதன் வந்தான், தன்னைச் சுட்டியபடி. ஆனால் பக்கத்தில் நான்கு கோட்டைக் காணோம். அந்த இடத்தில் வேறெதுவோ நின்றது.

அடுத்த குட்டு அங்கே வாங்கினோம். யூனிகோட் பெயரில்தான் லரோஷ் எண் இருக்கிறதே தவிர, இருக்கும் இடம் அந்த எண்படி இல்லை. ஒரே குறிக்கு வேறு வடிவம் இருந்தால் 'ஏ', 'பி' என்று பின்னொட்டு வைத்து இடையில் செருகியிருக்கிறார்கள். செருகச் செருகப் பின்னால் உள்ளவை தள்ளிப்போகும். 410ஆம் குறி உட்கார்ந்திருப்பது 463ஆவது நாற்காலியில். அந்த இடத்துக்குள் 53 நாற்காலி நகர்ந்துவிட்டது. கல்யாணப் பந்தியில் இலைக்கு நம்பர் எழுதிவிட்டு நடுநடுவே சித்தப்பா, பெரியப்பாவை உட்கார வைத்தால் என்ன ஆகுமோ அதுதான்.

ஆக, கூட்டல் கணக்கு உதவாது. பெயரைக் கொண்டு தேட வேண்டும். பைத்தானில் யூனிகோட் பெயரைக் கொடுத்தால் எழுத்தைத் தரும் வசதி உண்டு. என் பழைய மடிக்கணினியில் இருந்த 2.7 பதிப்பு, அப்படி ஓர் எழுத்தே இல்லை என்று சாதித்தது. அதற்குத் தெரிந்த யூனிகோட் 5.2 வரைதான். 3.5இலிருந்துதான் 8.0 தெரியும். புதியதை நிறுவிவிட்டு ஓட்டினேன். '1' என்று கேட்டால் வராது, '001' என்று மூன்று இலக்கமாகக் கேட்க வேண்டும். அதையும் சரிசெய்தேன். பத்துக் குறியும் வந்துவிட்டன என்று எழுந்திருக்கும்போது, முழுப் பட்டியலையும் ஓட்டிப் பார்த்துவிடலாமே என்று ஒரு சபலம். 383இலும் 410இலும் தடுக்கி விழுந்தது. காரணம், இந்த எழுத்துகளின் பெயரில் எண்ணோடு நிற்காமல் பின்னால் வால் இருக்கிறது. 383இன் முழுப்பெயர் 'ஏ383 ரா ஆர் ரி'. 410இன் பெயர் 'ஏ410 பிகின் லோகோகிராம் மார்க்', அதன் ஜோடி 'ஏ410ஏ எண்ட் லோகோகிராம் மார்க்'. ஒரு குறியைச் சொல்லாகப் படி, ஒலியாகப் படிக்காதே என்று காட்ட அந்தக்காலச் சிற்பி இருபுறமும் போடும் அடையாளம் இந்த ஜோடி. நம் அடைப்புக்குறி மாதிரி. யூனிகோடிலும் அவற்றுக்கு அடைப்புக்குறியின் குணத்தையே கொடுத்திருக்கிறார்கள். தொடக்கக் குறியை வரியின் கடைசியில் தனியாக விட்டுவிட்டு மற்றது அடுத்த வரிக்குப் போகாது. இவ்வளவு யோசித்தவர்கள் பெயரில் வால் வைத்ததை மட்டும் மன்னிக்கலாம்.

இப்போது தரவுத்தளம். குடும்பப் படங்களுக்காகப் பல வருடம் முன்பு வாடகை சர்வரில் போட்ட ஒரு பழைய மைஎஸ்க்யூஎல். தமிழ்த் தலைப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, ஒரு நாளும் மக்கர் பண்ணியதில்லை. 'வடக்கு வாசல், வரி 1:' என்று தமிழில் அடித்து, பக்கத்தில் பத்துக் குறியையும் ஒட்டிச் சேமித்தேன். திரும்ப எடுத்துப் பார்த்தால் 'வடக்கு வாசல், வரி 1:'. அதோடு சரி. குறிகள் மாயம். பிழைச் செய்திகூட இல்லை. ஓர் ஓரமாக எச்சரிக்கை மட்டும் விட்டிருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை.

யூனிகோட் எண்ணைப் பைட்டுகளாக்கிச் சேமிக்கும் முறைக்கு யூடிஎஃப்-8 என்று பெயர். தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் அதில் மூன்று பைட் போதும். மைஎஸ்க்யூஎல்லில் 'யூடிஎஃப்8' என்று பெயர் வைத்திருந்தது உண்மையில் மூன்று பைட் வரை மட்டுமே தாங்கும் அரைகுறை வடிவம். லூவியன் குறிக்கு நான்கு பைட் வேண்டும். நான்காவது பைட் கேட்கும் எழுத்து வந்ததும், அந்த இடத்தில் வரியையே கத்தரித்துவிட்டது. தமிழ் மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் இந்தக் குறை ஆயுசுக்கும் தெரியாது. கொஞ்ச வருடமாக எமோஜி போடுகிறவர்களால் ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான். நான் தலைப்பில் எமோஜி போடாத ஆள்.

மருந்து 'யூடிஎஃப்8எம்பி4'. அட்டவணையை மாற்றப் போனால், 255 எழுத்து நீளமுள்ள நெடுவரிசையின் சுட்டி (வேகமாகத் தேடுவதற்கான இண்டெக்ஸ்) நீளம் அதிகம் என்று ஒரு தகராறு. பழைய அமைப்பில் சுட்டிக்கு 767 பைட்தான் இடம். எழுத்துக்கு நான்கு பைட் என்றால் 191 எழுத்துக்கு மேல் போகாது. 191 ஆக்கினேன். இணைப்பையும் எம்பி4 என்று சொல்லித் திறக்காவிட்டால் குறிகளுக்குப் பதில் கேள்விக்குறி ஏறும். அதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

பிறகு குறிகளுக்கென்று ஓர் அட்டவணை போட்டு, ஒரு குறி இரண்டு முறை ஏறிவிடக் கூடாது என்று தனித்தன்மைக் கட்டுப்பாடும் வைத்தேன். முதல் குறி ஏறியது. இரண்டாவது குறிக்கு, 'இது ஏற்கனவே இருக்கிறது' என்றது.

எங்கே இருக்கிறது?

மூன்றாவதைப் போட்டேன். அதுவும் ஏற்கனவே இருக்கிறதாம். கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஏற்றி, கால் குறியை மட்டும் தேடினேன். 583ம் வந்து நின்றன. தரவுத்தளத்தின் கண்ணுக்கு மனிதன், கால், கை, காளைத்தலை எல்லாம் ஒன்று. சர்வ சித்திர சமத்துவம்.

இதை அவிழ்க்க ஒரு முழு மாலை போனது. எழுத்துகளை ஒப்பிடும் விதி என்று ஒன்று தனியாக உண்டு. பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றா, எது முன்னால் வரும் என்பதையெல்லாம் அது தீர்மானிக்கும். நான் விட்டுவைத்திருந்தது 'ஜெனரல்' என்ற விதி. நான்கு பைட் எழுத்து எதுவானாலும் அந்த விதி ஒரே எடையைத்தான் கொடுக்கிறது, 'அடையாளம் தெரியாத எழுத்து' என்ற குறிக்குரிய எடை. சேமிப்பது சரியாகச் சேமிக்கிறது. எடுத்தால் சரியாக வருகிறது. ஒப்பிடும்போது மட்டும் குருடு. 'பின்' என்ற விதிக்கு மாற்றினேன். பைட்டுக்கு பைட் ஒப்பிடும், வேறு சாமர்த்தியம் எதுவும் இல்லாத விதி. இந்த வேலைக்கு அதுவே போதும். 8ஆம் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லையே வராது, அதன் இயல்பு விதிக்கு இந்தக் குறிகளை வேறுபடுத்தத் தெரியும்.

இவையெல்லாம் இயந்திரத்தின் கோளாறு. மூன்றாவது வாரம் வந்தது எங்கள் கோளாறு.

எண்ணை எழுதி எழுதிச் சலித்துப்போய், 'ஸா', 'தி', 'மி' என்று ஒலியை அடித்தால் குறி வரட்டும் என்று மருமகன் அட்டவணையைத் திருத்தியிருந்தான். ஒலிதான் சாவி, குறி அதன் மதிப்பு. அடிக்கச் சுகமாக இருந்தது. முதலில் ஒரு சின்ன இடறல். 'ஸ' ஒலிக்குப் பல குறிகள் இருப்பதால் ஆய்வாளர்கள் ரோமன் எழுத்தின் மேல் வலப்பக்கம் சாய்ந்த கோடு போட்டால் இரண்டாவது ஸ, இடப்பக்கம் சாய்ந்தால் மூன்றாவது, அதற்கு மேல் எண் என்று வைத்திருக்கிறார்கள். ஒரு கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டிய 'ஸ2' எதற்கும் குறி வரவில்லை. கையால் அடித்தால் வருகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஒன்றில் கோடு போட்ட எழுத்து ஒரே துண்டு. மற்றதில் எழுத்து தனி, கோடு தனி. நம் 'கொ'விலும் இதே கூத்து உண்டு: 'ொ' என்று ஒரே துண்டாகவும் சேமிக்கலாம், 'ெ', 'ா' என்று இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம், திரையில் வித்தியாசம் தெரியாது. உள்ளே வருவதையெல்லாம் ஒரே வடிவத்துக்குச் சீராக்கிய பிறகு சரியானது.

பெரிய இடறல் அடுத்தது. பழகிப் பார்ப்பதற்காக 1970க்கு முந்தைய ஒரு வாசிப்பிலிருந்து சில வரிகளை அடித்தேன். வந்த குறிகளைப் படத்தோடு ஒப்பிட்டால் ஒன்றும் பொருந்தவில்லை. 'அ' என்று இருக்கும் இடத்தில் கல்லில் 209. என் அட்டவணையிலோ 209 என்பது 'இ'. 'இ' என்று இருக்கும் இடத்தில் கல்லில் 376. அட்டவணையில் அது 'ஸி'. நான்தான் எண்ணை மாற்றி ஏற்றிவிட்டேன் என்று இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

தவறு என்னுடையதும் இல்லை, புத்தகத்துடையதும் இல்லை. 209, 210 இரண்டையும் 'அ', 'ஆ' என்றும், 376, 377 இரண்டையும் 'இ', 'ஈ' என்றும்தான் அப்போது உலகமே படித்துக்கொண்டிருந்தது. 1973-74 வாக்கில் ஹாக்கின்ஸ், மொர்புர்கோ டேவிஸ், நோய்மன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் சேர்ந்து அதைத் தலைகீழாக்கினார்கள்: 209 'இ', 210 'இயா', 376 'ஸி', 377 'ஸா'. அடிக்கடி வரும் குறிகள் இவை. நான்கு குறியின் ஒலி மாறியதில் சொற்களின் முகமே மாறி, ஆப்பெழுத்தில் எழுதிய லூவியனோடு இந்த மொழி கச்சிதமாகப் பொருந்தியது. அதோடு நிற்கவும் இல்லை. 2010இல் ரீக்கனும் யாகுபோவிச்சும், அதுவரை 'தா4', 'தா5' என்று படித்துவந்த 319, 172 இரண்டும் 'ல', 'லி' ஒலிக்குரியவை என்று வாதிட்டார்கள். இன்றைக்கு ஒரு பதிப்பில் 'தா4' என்றும் இன்னொன்றில் 'ல' என்றும் பார்ப்பது ஒரே கல்லில் இருக்கும் ஒரே குறியாக இருக்கலாம்.

ஒலியைச் சாவியாக வைத்தால் ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரைக்கும் என் தரவுத்தளம் பொய்யாகும். யூனிகோட்காரர்கள் 'அனத்தோலியன் எழுத்து ஈ' என்று 377க்குப் பெயர் வைத்திருந்தால்? யூனிகோடில் ஒருமுறை வைத்த பெயரை மாற்றவே கூடாது என்று விதி. எழுத்துப்பிழையோடு ஏறிய பெயர்கூட அப்படியே நிற்கிறது. வெறும் எண் என்று நான் முகம் சுளித்தேனே, கல்லில் இருப்பது எது என்று மட்டும் சொல்லி, அது என்ன ஒலி என்ற வம்பிலிருந்து ஒதுங்கி நிற்பது அந்த எண்தான்.

மருமகனின் அட்டவணையைக் கலைத்தோம். அவனுக்கு முகம் சுண்டிப்போனது. "ரெண்டு நாள் வேலை மாமா" என்றான். எனக்கும்தானடா, என்றேன். இப்போது ஓர் அட்டவணையில் குறி மட்டும்: லரோஷ் எண், பின்னொட்டு, யூனிகோட் இடம். இன்னொன்றில் வாசிப்பு: எந்தக் குறி, என்ன ஒலி அல்லது சொல், யாருடைய வாசிப்பு. 209க்கு இரண்டு வரி, 319க்கு இரண்டு வரி, 90க்குக் காலென்று ஒன்று, 'தி' என்று ஒன்று. ஒலியால் தேடுவது இன்னும் நடக்கிறது, சாவியாக இல்லை, அவ்வளவுதான். 107ஆம் குறியைப் பாருங்கள், காளைத்தலையோடு நான்கு கோடு. 105 காளைத்தலை 'உ', 391 நான்கு கோடு 'மி', இரண்டும் சேர்ந்த 107 'மு'. கண் இருப்பவன் எவனும் இதைக் கூட்டெழுத்து என்பான். யூனிகோட் அதைப் பிரிக்கவில்லை, தனிக் குறி. நானும் பிரிக்கவில்லை. 391ஐத் தேடினால் 107 வராது. மருமகன் வர வேண்டும் என்கிறான். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

கல்லில் எழுத்து ஓடும் விதம் வேறு ஒரு தலைவலி. ஒரு வரி வலமிருந்து இடம், அடுத்தது இடமிருந்து வலம். ஏர் உழுகிற மாடு வயல் கோடியில் திரும்புவது போல. வரி எந்தப் பக்கம் தொடங்குகிறதோ அந்தப் பக்கம் பார்த்தபடி முகங்களும் விலங்குகளும் நிற்கும். முகத்துக்கு எதிரே போய்ப் படிக்க வேண்டும். வரிக்குள்ளும் ஒன்றன் பக்கத்தில் ஒன்று இல்லை. இரண்டு மூன்று குறியை மேலும் கீழுமாக அடுக்கி, அந்த அடுக்கை மேலிருந்து கீழே படித்து, பிறகு அடுத்த அடுக்கு. எகிப்திய எழுத்துக்கு அடுக்குவதற்கென்றே கட்டுப்பாட்டு எழுத்துகளை 2019இல் யூனிகோட் 12.0இல் சேர்த்தார்கள். அனத்தோலிய எழுத்துக்கு அப்படி எதுவும் இல்லை. குறிகள் இடமிருந்து வலம், ஒற்றை வரிசை.

அடுக்கை யூனிகோடுக்குள் திணிக்கும் முயற்சியை ஒரே நாளில் கைவிட்டேன். எழுத்து படிக்கும் வரிசையில் இருக்கட்டும். ஒவ்வொரு குறிக்கும் பக்கத்தில் கல், வரி, எத்தனையாவது அடுக்கு, அடுக்கில் எத்தனையாவது இடம் என்று நான்கு எண். பழைய கல்வெட்டுகள் சிலவற்றில் சொல்லின் முதலில் ஒலிக்கும் 'அ' குறியைச் சொல்லின் கடைசியில் கொண்டுபோய் வைத்திருப்பார்கள். கராதெபெயைத் தாண்டிப் போனால் படிக்கும் வரிசையும் கல்லின் வரிசையும் இப்படிப் பிரியும், அப்போதும் இந்த எண்கள் கைகொடுக்கும்.

திசைக்கு முதலில் குறுக்கு வழி பார்த்தோம். வலமிருந்து இடமாகக் காட்டு என்று கட்டாயப்படுத்தும் மறைவெழுத்து யூனிகோடில் உண்டு, அதைப் போட்டோம். வரிசை திரும்பியது, முகங்கள் திரும்பவில்லை. எல்லோரும் வரியின் கடைசியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், பேருந்து போய்விட்ட நிறுத்தம் மாதிரி. அதை எடுத்துவிட்டு, அந்த வரியை மட்டும் கண்ணாடியில் பார்ப்பது போலப் புரட்டிக் காட்டும்படி பக்கத்தின் பாணிக் கோப்பில் ஒரு வரி எழுதினான் மருமகன். முகம், கால், கை எல்லாம் ஒரே வீச்சில் திரும்பின.

அக்காவின் போனில் திறந்தால் பத்தும் வெள்ளைக் கட்டங்கள். அவள் போனில் இந்த எழுத்துரு இருக்க நியாயமில்லை. நோட்டோ சான்ஸ் அனத்தோலியன் ஹைரோகிளிஃப்ஸ் எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்பியதும் கட்டங்கள் போயின. அடுத்து, வரி திரையைத் தாண்டி ஓடியது. இந்த எழுத்தில் இடைவெளி கிடையாது. சொல்லுக்கு முன் 386ஆம் குறி என்ற சின்ன வளைவைப் பிரிப்பானாகப் போடுவார்கள், அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. உலாவிக்கு அது பிரிப்பான் என்று தெரியாது, சாதாரண எழுத்து என்றே நினைக்கிறது. எங்கே உடைப்பது என்று தெரியாமல் மொத்தத்தையும் ஒரே சொல்லாக இழுத்துக்கொண்டு போகிறது. காட்டும்போது மட்டும் 386க்கு முன்னால் 'இங்கே உடைக்கலாம்' என்ற அடையாளத்தைச் சேர்த்தோம். சேமிப்பில் சேர்க்கவில்லை, சேர்த்தால் தேடல் கெடும். 383, முள் மாதிரி ஒரு சாய்கோடு, கல்லில் பக்கத்துக் குறியோடு ஒட்டியே இருக்கும். திரையில் தனியாக நிற்கிறது. யூனிகோடிலும் அது ஒட்டுக்குறி இல்லை, தனி எழுத்துதான். விட்டுவிட்டேன்.

எண்ணிக்கை காட்டும் இடத்தில் பத்துக் குறிக்கு 20 என்று வந்ததும், ஒரு குறியை அழிக்க பேக்ஸ்பேஸ் தட்டினால் மருமகனின் நிரல் பாதிக் குறியை மட்டும் அழித்ததும் தனிக் கதை. ஜாவாஸ்கிரிப்ட் இந்தக் குறி ஒவ்வொன்றையும் இரண்டு துண்டாக எண்ணுகிறது. சீனத்தில் பட்ட அடியால் இந்த முறை அவனே பத்து நிமிடத்தில் பிடித்துவிட்டான்.

இப்போது வடக்கு வாசல் படங்களில் நாற்பது ஏறியிருக்கிறது. சிங்கத்தின் மேல் இருக்கும் எழுத்தைக் காட்டும் ஏழு படம் ஏறவில்லை. அது பினீசியம், வேறு எழுத்து, அதுவும் நிஜமாகவே வலமிருந்து இடம் ஓடுவது. புரட்டிய லூவியன் வரியில் ஒரு விசித்திரம் மட்டும் மிச்சம். அந்த வரியை நகலெடுக்க இடது கோடியிலிருந்து மௌஸை இழுத்தால் தேர்வு வரியின் முடிவிலிருந்து பிடிக்கிறது. வலக்கோடியில், அந்த மனிதன் மேல் வைத்து இடப்பக்கமாக இழுத்தால் 'நான்' என்பதிலிருந்து ஒழுங்காக வருகிறது. "ஃபிக்ஸ் பண்ணட்டுமா மாமா?" என்றான். கல்லுக்கு முன் நின்றபோதும் நான் வலக்கோடியில்தான் ஆரம்பித்தேன். அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.